பூட்டிய குழுவைத் திறந்துவிடுங்கள்: எங்கள் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும், குழுவின் மற்ற அட்மின்களுக்கும்,

வணக்கம். இதை நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டிருப்பேன். ஆனால் "அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம்" என்று அதைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். லிஃப்டில் ஒட்டலாம் என்று பார்த்தால் அதற்குச் செயலாளர் கையெழுத்து வேண்டுமாம். வேறு வழியில்லாமல் பொதுவில் எழுதுகிறேன். குடியிருப்பின் பெயரையோ ஆட்களின் பெயரையோ சொல்லப்போவதில்லை. படிக்கிறவர்கள் எல்லாரும் இது தங்கள் அபார்ட்மெண்ட் கதைதான் என்று நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பார்க்கிங்கில்தான் ஆரம்பித்தது. விருந்தாளிகளின் வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அதை எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று செயலாளர் ஒரு அறிவிப்புப் போட்டார். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அதன் கீழே பி பிளாக்கிலிருந்து ஒரு ஸ்டிக்கர் விழுந்தது: இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பவ்யமாக நிற்கிற வடிவேலு. அடுத்ததாக ஒருவர், "சார், நாளைக்கு என் மச்சான் வரான். வண்டிக்கு ஸ்டிக்கர் ஓகே, மச்சானுக்கும் ஒட்டணுமா?" என்று கேட்டார். இன்னொருவர், ஒன்பதாவது அம்சப்படி நிறுத்தச் சொன்ன இடத்தைப் பன்னிரண்டாவது அம்சம் தடை செய்கிறதே, வண்டியைத் தலையில் வைத்துக்கொள்வதா என்றார். சிரிப்பு முகங்கள் வரிசை கட்டின. செயலாளருக்கு மனசு கஷ்டப்பட்டது எனக்குத் தெரியும். சம்பளமில்லாத வேலை. ராத்திரி பதினோரு மணிக்கு மோட்டார் ஓடவில்லை என்றாலும் அவருக்குத்தான் போன் போகிறது. அதற்காக அன்று ராத்திரியே குழுவைப் பூட்டியது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். பூட்டினீர்களே தவிர, ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள சண்டையை இன்றுவரை தீர்த்துவைக்கவில்லை.

மறுநாள் "குழு நடத்தை விதிகள்" பிடிஎஃப் ஆக வந்தது. ஸ்டிக்கர், மீம், ஃபார்வேர்டு, காலை வணக்கப் படம், கேலிப் பேச்சு, "பிறருக்கு எரிச்சலூட்டும் பதிவுகள்" எல்லாவற்றுக்கும் தடை. காலை வணக்கப் படத்துக்காக நான் வாதாட வரவில்லை. ரோஜாப்பூவும் தத்துவமும் இந்தியர்களின் போனை அடைத்துக்கொண்டதில், 2018 வாக்கில் கூகுளே தன் ஃபைல்ஸ் ஆப்பில் அந்தப் படங்களைத் தேடிப் பிடித்து அழிக்க ஒரு வசதி செய்துகொடுத்தது. ஆனால் அந்தக் கடைசி விதி, எரிச்சல், அதை அப்படியே விட்டுவிட முடியாது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. இணையத்தில் பிறருக்கு எரிச்சலோ அசௌகரியமோ ஏற்படுத்தும் விதமாக எழுதினால் மூன்று வருடம் வரை உள்ளே தள்ளலாம் என்கிற அளவுக்கு அகலமான பிரிவு. பால் தாக்கரே இறந்தபோது மும்பை முடங்கியதைப் பற்றி 2012-ல் முகநூலில் எழுதிய ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்ட அவர் தோழியையும் கைது செய்தபோது இந்தப் பிரிவுதான் கை கொடுத்தது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தூக்கி எறிந்தது. ஒருவருக்கு எரிச்சல் தருவது இன்னொருவருக்குத் தராது, இதை வைத்துக்கொண்டு எது குற்றம் என்று எப்படிக் கோடு போடுவது என்பது தீர்ப்பின் முக்கியமான வாதங்களில் ஒன்று. நாடாளுமன்றம் போட்ட சட்டத்திலேயே நிற்காத ஒன்றை நம் சங்கம் பிடிஎஃபில் நிறுத்தப் பார்க்கிறது.

"யாராவது ஏதாவது போட்டா அட்மின்தான் உள்ள போகணும்" என்று தலைவர் கூட்டத்தில் சொன்னார். இந்தப் பயம் அவருடையது மட்டுமில்லை, ஊரெல்லாம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். உறுப்பினர் ஒருவர் போட்ட ஆபாசமான பதிவுக்காக அட்மின் மேல் போட்ட வழக்கை 2021 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை ரத்து செய்தது. அட்மினால் ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம். ஒருவர் என்ன எழுதப்போகிறார் என்று முன்கூட்டியே பார்த்துத் தடுக்க முடியாது, அதனால் அவர்களுக்குள் கூட்டுச் சதி இருந்தாலொழிய அட்மின் பொறுப்பாக மாட்டார் என்றது. அதே வருடம் டிசம்பரில் நம் மதுரைக் கிளை, கரூர் வக்கீல்கள் குழு ஒன்றின் அட்மின் தொடுத்த வழக்கில் அதே வழியில் போனது: அவர் வெறும் அட்மின் மட்டும்தான் என்றால் அவர் பெயரை நீக்கிவிடுங்கள் என்று போலீசுக்குச் சொன்னது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் அட்மினுக்கும் உறுப்பினருக்கும் முதலாளி, வேலைக்காரர் உறவு எதுவும் கிடையாது என்று சொல்லி இன்னொரு அட்மினை விடுவித்தது. ஆக, உங்கள் தலைக்கு மேல் கத்தி எதுவும் தொங்கவில்லை. நீங்களே சேர்ந்துகொண்டு ஏதாவது விஷமம் செய்தால் தவிர.

கேலி என்றதும் போலீஸ் நினைவு வருகிறவர்கள் சிறுமலை வழக்கையும் படிக்க வேண்டும். இடதுசாரிக் கட்சி ஒன்றின் பொறுப்பாளர், 62 வயதுக்காரர், மகள் மருமகனோடு சிறுமலைக்குச் சுற்றுலா போனார். எடுத்த படங்களை முகநூலில் போட்டு, துப்பாக்கி சுடும் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வாடிப்பட்டி போலீஸ் அவர் மேல் நாட்டுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் திரட்டுவதற்கான பிரிவு உட்பட வழக்குப் போட்டது. ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் நல்லவேளையாக மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். 2021 டிசம்பரில் அந்த வழக்கை ரத்து செய்த நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்தத் தீர்ப்பை ஒரு நையாண்டி எழுத்தாளர் எழுதியிருந்தால் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைச் சொல்லும் 51ஏ பிரிவில் "சிரிக்கும் கடமை"யையும் சேர்க்கச் சொல்லியிருப்பார் என்று எழுதினார். மாநிலத்துக்கு மாநிலம் கைவைக்க முடியாத புனிதப் பசுக்கள் உண்டு என்று ஒரு பட்டியலும் போட்டார். வங்காளத்தில் தாகூர், கேரளத்தில் மார்க்ஸும் லெனினும், தமிழ்நாட்டில் பெரியார் என்று போகும் அந்தப் பட்டியல். அதில் அவரோடு சண்டை போடுகிறவர்கள் போடட்டும். நம் அளவில் புனிதப் பசு பார்க்கிங் அறிவிப்புதான்.

சரி, சட்டம் போதும். பூட்டியதால் உண்மையில் என்ன போயிற்று என்பதற்கு வருகிறேன்.

தோட்டக் கணக்கு நினைவிருக்கிறதா? ஒரு மாதம் பராமரிப்புச் செலவுப் பட்டியலில் "கார்டனிங் 18,000" என்று வந்தது. ஏ பிளாக் மேல்மாடி அங்கிள் கேட்டார்: "நம்ம கார்டன்ல இருக்கறது ஒரு வேப்பமரம், நாலு குரோட்டன்ஸ். வேப்பமரத்துக்கு ஃபேஷியல் பண்ணீங்களா?" உடனே ஒருத்தி, "ஃபேஷியல் இல்ல அங்கிள், ஹேர்கட்டும் சேர்த்து. பேக்கேஜ்!" என்று போட்டாள். அரை மணி நேரத்துக்கு வேப்பமரத்தின் கல்யாணம் வரை பேச்சு போனது. அதற்குள் பொருளாளர் பில்லைப் படமெடுத்துப் போட்டார். மின்கம்பியில் உரசிக்கொண்டிருந்த கிளையை வெட்டிய கூலி, கழித்துப் போட்டதை ஏற்றிப்போன வண்டி வாடகை, எல்லாம் சேர்த்துப் பெரும்பகுதி அதற்கே போயிருந்தது. "அப்போ நிஜமாவே ஹேர்கட்தான்" என்று அங்கிள் கும்பிடு போட்டார். விஷயம் முடிந்தது. பொருளாளர் நேர்மையான ஆள் என்று நூற்றுச் சொச்சம் குடும்பத்துக்கும் ஒரே சாயங்காலத்தில் தெரிந்துபோனது. எந்த ஆடிட்டர் வந்து அப்படி ஒரு சான்றிதழ் தருவார்?

இப்போது பெயிண்டிங் விஷயத்தைப் பாருங்கள். வெளிச்சுவர் பெயிண்டிங்குக்குக் கொட்டேஷன் முடிவாகிவிட்டது என்று பூட்டிய குழுவில் ஒரு வரி அறிவிப்பு வந்தது. கேள்வி கேட்க வழியில்லை. கேள்வி நின்றுவிட்டதா என்ன? ஏ பிளாக்குக்கு ஒரு குழு, பெண்களுக்கு ஒன்று, வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒன்று, "ஒரிஜினல் ஓனர்ஸ்" என்று ஒன்று (ஒரிஜினல் இல்லாத ஓனர் யார் என்று எனக்கு விளங்கவில்லை) எனத் தனித்தனியாக முளைத்திருக்கின்றன. ஒன்றில் "இதுல எவ்வளவு கமிஷன்?" என்று ஒருவர் கேட்க, அடுத்ததில் அது "கமிஷனாம்" ஆகி, மூன்றாவதில் தொகையோடு உலவுகிறது. நீங்கள் யாரும் அந்தக் குழுக்களில் இல்லை. அதனால் பில்லைப் போட்டு வாயடைக்கவும் முடியாது. தோட்டக் கணக்கில் கேட்டதும் இதே சந்தேகம்தான். அன்று முகத்துக்கு நேரே கிண்டலாக வந்தது, பதில் கிடைத்தது. இன்று முதுகுக்குப் பின்னால் குற்றச்சாட்டாகச் சுற்றுகிறது. கலாய்ப்பை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் புறணியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள்.

கலாய்ப்பதால் மரியாதை போய்விடும் என்று துணைத்தலைவர் சொல்வதாகக் கேள்வி. 2019 கோடையை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்து கிடந்த வருடம். நாம் லாரிக்குத் தவம் கிடந்தோம். தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் என்று சங்கம் எத்தனையோ நோட்டீஸ் ஒட்டியும், ஒருவர் மட்டும் ஹோஸ் பைப் பிடித்துத் தினமும் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்கவில்லை. ஒருநாள் மாடியிலிருந்து யாரோ அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, "அபிஷேகம் நடக்குது. தீபாராதனை எத்தனை மணிக்கு சார்?" என்று எழுதினார்கள். "பிரசாதம் உண்டா?" "எங்க வீட்டு ஸ்கூட்டிக்கும் ஒரு அர்ச்சனை சொல்லிடுங்க." அவரே கடைசியில், "இன்னியோட கும்பாபிஷேகம் முடிஞ்சுது, நடை சாத்தியாச்சு" என்று போட்டார். அதோடு ஹோஸ் பைப்பை எடுத்து வைத்துவிட்டார், ஈரத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அபராதம் போட்டிருந்தால் கட்டிவிட்டுக் கழுவியிருப்பார், நிச்சயமாக. அவர் மரியாதைக்கு ஒன்றும் குறையவில்லை. அடுத்த வருடம் சங்கத் தேர்தலில் நின்று ஜெயித்தார். இப்போது மேலே சொன்ன துணைத்தலைவர் அவர்தான்!

அந்த வருடம் மே மாதக் கடைசியில்தான் நேசமணியும் வந்தார். தேர்தல் முடிவு வந்த சூடு. நம் குழுவில் இரண்டு கட்சி ஆட்களும் முகம் கொடுத்துப் பேசாத நேரம். பாகிஸ்தானிலிருந்து நடக்கிற ஒரு சிவில் இன்ஜினியரிங் முகநூல் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு, உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன என்று கேட்டார்கள். ஒரு தமிழ் இன்ஜினியர், சுத்தியல் என்று சொன்னதோடு நிற்காமல், பெயிண்டிங் காண்டிராக்டர் நேசமணியின் மண்டையை ஜமீன் பங்களாவில் உடைத்தது இதுதான், பாவம் மனுஷன் என்று படு சீரியஸாகப் பதில் எழுதினார். இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் விசாரித்தார். அவ்வளவுதான். மே 30 அன்று டெல்லியில் பிரதமர் பதவியேற்பு. அதற்கு முந்தைய நாளிலிருந்து ட்விட்டரில் உலக அளவில் ஓடிக்கொண்டிருந்தது 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து வடிவேலு பாத்திரத்துக்கான பிரார்த்தனை. தமிழ் தெரியாதவர்கள் யார் இந்த நேசமணி, எந்த ஆஸ்பத்திரி என்று நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் குழுவில் ஐசியு புல்லட்டின் ஒன்று மணிக்கொரு தரம் வந்தது. எழுதியது ஒரு கட்சிக்காரர், "நாடித்துடிப்பு சீராக உள்ளது" என்று ஒப்புதல் கையெழுத்துப் போட்டது எதிர்க்கட்சிக்காரர். தேர்தலுக்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அன்றுதான். அதைப் பேச்சு என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம்.

ஃபார்வேர்டு என்ற ஆபத்தை நான் சின்னதாக்கவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்ததில் 65 வயதுப் பெண்மணி செத்துப்போனார். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் அந்த ஊரை முன்னமே பயமுறுத்தி வைத்திருந்தது. நாடு முழுக்க இப்படிச் சாவுகள் நடந்த பிறகுதான் அந்த வருடம் ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாது என்று இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கை மாறிய செய்தி என்றால் ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் என்று இறுக்கினார்கள்.

ஆனால் ஃபார்வேர்டும் கிண்டலும் ஒரே பட்டியலில் இருப்பதுதான் உங்கள் விதியின் கோளாறு. ஃபார்வேர்டை எழுதினது யார் என்று யாருக்கும் தெரியாது, கேட்டால் "வந்துச்சு, அனுப்பினேன்" என்பார்கள். கிண்டல் அப்படியில்லை. இன்னார் எழுதினார் என்று வீட்டு எண்ணோடு தெரியும், மறுநாள் லிஃப்டில் அவரைப் பார்த்தாக வேண்டும். ஃபார்வேர்டைக் கொல்கிற ஆயுதமும் அதுதான். 2016-ல் இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் நானோ சிப் இருக்கிறது, நிலத்தடியில் புதைத்தாலும் சாட்டிலைட் காட்டிக்கொடுக்கும் என்று நம் குழுவில் வந்தபோது, "அப்படியே என் வீட்டுக்காரர் மறைச்சு வெச்சிருக்கறதையும் காட்டச் சொல்லுங்க" என்று டி பிளாக் மாமி போட்ட ஒரு வரியில் அது செத்தது. 2020 மார்ச் 22 ஊரடங்கின்போது, 14 மணி நேரம் வீட்டில் இருந்தால் கொரோனாவின் சங்கிலி அறுந்து எல்லாம் சரியாகிவிடும் என்று வந்தது. "அப்போ திங்கக்கிழமை ஆபீஸா?" என்று ஒரு பையன் வயிற்றெரிச்சலோடு கேட்டதில் அதுவும் படுத்துவிட்டது. விளக்கம் எழுதி, லிங்க் கொடுத்து மறுத்தால் அனுப்பினவர் கோபித்துக்கொள்வார். சிரித்துவிட்டால் அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு டெலீட் செய்துவிடுவார். இப்போது முளைத்திருக்கும் துண்டுக் குழுக்களில் ஒரே கருத்துக்காரர்கள் மட்டும் இருக்கிறார்கள். அங்கே வருகிற புரளியைக் கலாய்க்க ஆளில்லை.

எல்லாக் கிண்டலும் நல்ல கிண்டல் என்று சொல்ல மாட்டேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் லிஃப்டில் போவதைப் பற்றி நம் குழுவில் ஓடிய ஜோக்குகள் கேவலமானவை. அவர்கள் குழுவில் இல்லை, திருப்பிக் கொடுக்க முடியாது. பதில் சொல்ல வாயில்லாதவர்களைப் பேசுவதற்குக் கலாய்ப்பு என்று பேர் வைக்கக் கூடாது. மீன் வாசனை பற்றிய ஜோக்குகளும் அப்படித்தான். சமையல் வாசனை என்று ஆரம்பித்து, யார் இங்கே குடியிருக்கலாம் என்பதில் போய் முடிந்தன. வாடகைக்கு இருப்பவர்களை "டெம்பரரி" என்று ஓட்டுவதும் எனக்குப் பிடிக்காது. ஒரு பெண் கேள்வி கேட்டால் மட்டும் "மேடம் இன்னிக்கு சூடா இருக்காங்க" என்று நாலு ஆண்கள் கிளம்புவதும் ஒரு நோய்தான். இவற்றுக்கு விதி எழுதுங்கள், நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன். குழுவில் இல்லாதவரைப் பற்றிக் கிண்டல் கிடையாது. சாதி, சாப்பாடு, வாடகை, உடம்பு, இந்த நான்கையும் தொடக் கூடாது. துக்கச் செய்தி, ரத்தம் வேண்டும் என்ற செய்தி வந்தால் சம்பந்தமில்லாத பேச்சு அங்கே நிற்க வேண்டும். மீறினால் அந்தப் பதிவை நீக்குங்கள். உறுப்பினர் போட்டதை அட்மினே எல்லாருக்குமாக அழிக்கும் வசதி 2022-லேயே வந்துவிட்டது. ஒருவர் போட்டது தப்பென்றால் அதை அழியுங்கள், மொத்தக் குழுவின் வாயைக் கட்டாதீர்கள்.

முக்கியமான அறிவிப்பு அரட்டைக்குள் மூழ்கிவிடுகிறது என்பது மட்டும் நியாயமான புகார். தண்ணீர் வராது என்ற செய்தியைத் தேடி நானே ஐம்பது சிரிப்பு முகங்களைத் தாண்டியிருக்கிறேன். இதற்கும் வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்ற ஏற்பாடு 2022 நவம்பரிலிருந்து உண்டு. அதில் அட்மின்கள் மட்டும் பேசுகிற அறிவிப்புக் குழு ஒன்று தானாகவே வரும். பழைய குழுவை அதோடு இணைத்துத் திறந்துவிடலாம். லாரி, லிஃப்ட், பராமரிப்புத் தொகை எல்லாம் அங்கே. வேப்பமரம் இங்கே. விருப்பமில்லாதவர்கள் இந்தக் குழுவை மியூட் செய்துகொள்ளட்டும், இல்லை வெளியேறட்டும். வெளியேறினால் இப்போது அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும், ஊருக்கெல்லாம் போகாது.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் குழுவைத் திறப்பதைத் தனித் தீர்மானமாகச் சேருங்கள். "இதர விஷயங்கள்" என்று கடைசியில் தள்ளாதீர்கள். எல்லாரும் டிபனுக்குப் போய்விடுவார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஓட்டுக் கொடுங்கள், குழுவில் அவர்களும்தானே இருக்கிறார்கள். தீர்மானத்தை ஆதரிக்கிறவர்களின் கையெழுத்துத் தாள் செக்யூரிட்டி மேசையில் விசிட்டர் நோட்டுக்கு அடியில் இருக்கிறது. சங்க உறுப்பினர்களில் எத்தனை பேர் கேட்டால் ஒரு தீர்மானம் எடுத்தாக வேண்டும் என்று நம் பைலாவில் ஒரு எண் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தையும் அறிவிப்போடு சேர்த்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
சி பிளாக்கில் குடியிருக்கும் ஒரு உறுப்பினர்